காமிக்ஸைப் பார்க்கத் தெரிந்துகொள்ள: டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து நூலக வாசகர் வட்டங்களுக்கும், பள்ளி ஓவிய ஆசிரியர்களுக்கும், பரணில் பழைய காமிக்ஸ் கட்டு வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று தொகுத்தது. கதையைப் பற்றிய பேச்சு இதில் குறைவு. படத்தைப் பற்றியதே அதிகம்.

காமிக்ஸ், படக்கதை, சித்திரக்கதை, கிராஃபிக் நாவல் எல்லாம் ஒன்றுதானா?

ஊடகம் ஒன்றுதான். பெயர் மாறுவது நீளத்தையும் விற்கும் இடத்தையும் பொறுத்தது. ‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயர், 1978-இல் அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் தம் புத்தகத்தின் அட்டையில் அதைப் போட்டுக்கொண்ட பிறகு பரவியது. சொல் அதற்கு முன்பே இருந்தது. கெட்டி அட்டை போட்டால் மரியாதை வருகிறது, அவ்வளவுதான். மோசமான கிராஃபிக் நாவலும் உண்டு, அருமையான 32 பக்க மலிவு காமிக்ஸும் உண்டு.

இருபது நிமிஷத்தில் ஒரு புத்தகம் முடிந்துவிடுகிறது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

பலூனை, அதாவது வசனம் எழுதிய வட்டத்தை மட்டும் படித்தால் இருபது நிமிஷம்தான் ஆகும். படம் கண்ணில் படுகிறது, ஆனால் நாம் அதைப் பார்ப்பதில்லை. முதல் தடவை அப்படியே கதைக்காக ஓடிவிடுங்கள், அதில் தப்பில்லை. இரண்டாவது தடவை ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

முதலில் பலூன்களைச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகளால் மூடிவிட்டுப் பாருங்கள். யார் கோபமாக இருக்கிறார், யார் பொய் சொல்கிறார், எந்தக் கட்டத்தில் இரவு தொடங்குகிறது என்பதெல்லாம் எழுத்தில்லாமலே தெரிகிறதா? தெரிந்தால் ஓவியர் தன் வேலையைச் செய்திருக்கிறார். தெரியாவிட்டால் எழுத்தாளர் ஓவியரைத் தூக்கிச் சுமக்கிறார். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடியுங்கள். முகங்கள் முகங்களாகத் தெரியாமல் போய், கறுப்பும் வெள்ளையும் எப்படிப் பரவியிருக்கின்றன என்பது மட்டும் நிற்கும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் இதே பலன்தான். கடைசியாக, உங்கள் கண் பக்கத்தில் எந்த வழியாகப் போனது என்று விரலால் கோடு இழுத்துப் பாருங்கள். நல்ல பக்கத்தில் ஒரு கட்டத்தில் நீட்டிய கை, சாய்ந்த துப்பாக்கி, பார்க்கும் பார்வை எல்லாம் அடுத்த கட்டத்துக்கு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கும். எங்கே இரண்டு தடவை திரும்பிப் போய்ப் படித்தீர்களோ அங்கே வாய்க்கால் உடைந்திருக்கிறது. பெரும்பாலும் காரணம் பலூனைத் தப்பான இடத்தில் வைத்ததுதான்.

கட்டங்களுக்கு நடுவே விடும் வெள்ளை இடைவெளிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள்?

வாசகர் வேலை செய்யும் இடம் அது ஒன்றுதான் என்பதால்.

ஒரு உதாரணத்தை வரைந்தே பார்க்கலாம். முதல் கட்டம்: லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர்) மதகின் ஷட்டர் சக்கரத்தைத் திருப்புகிறார். இரண்டாவது: காய்ந்த வாய்க்காலின் நடுவில் ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கிறது. மூன்றாவது: அதே நாய் கரையில் நிற்கிறது, நாலு காலும் நனைந்திருக்கின்றன. தண்ணீர் வருவதை எங்கேயும் வரையவில்லை. ஆனால் பார்த்தவர் எவரும் தண்ணீர் வந்துவிட்டது என்றுதான் சொல்வார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இருந்த 5 மில்லிமீட்டர் வெள்ளையில் வாய்க்கால் நிறைந்து, நாய் திடுக்கிட்டு எழுந்து, கரையேறியிருக்கிறது. மூன்றையும் வரைந்திருந்தால் படம் அதிகமாகியிருக்கும், சுவை குறைந்திருக்கும்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவுவதை ஸ்காட் மெக்ளவுட் என்ற ஓவியர் 1993-இல் ஆறு வகையாகப் பிரித்தார். அதே மதகை வைத்து அந்த ஆறையும் பார்த்துவிடலாம். ஷட்டர் ஒரு விரற்கடை உயர்கிறது, அடுத்த கட்டத்தில் இரண்டு விரற்கடை: இது நொடிக்கு நொடி. கை சக்கரத்தைத் திருப்புகிறது, அடுத்து தண்ணீர் பீறிடுகிறது: செயலுக்குச் செயல். லஸ்கரின் முகம், அடுத்து கரையில் காத்திருக்கும் விவசாயியின் முகம்: ஒரே காட்சிக்குள் ஆளுக்கு ஆள். கல்லணை, அடுத்து ‘பத்து நாளுக்குப் பிறகு’ என்ற வரியோடு வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்: காட்சிக்குக் காட்சி. தென்னங்கீற்றின் நுனி, சேற்று வெடிப்பு, ஒற்றைக்கால் கொக்கு என்று நேரமே நகராமல் இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது ஐந்தாவது. மதகு, அடுத்து சம்பந்தமே இல்லாத ஒரு சோடா பாட்டில் என்றால் ஆறாவது.

அமெரிக்க, ஐரோப்பியக் கதைகளில் இரண்டாவது வகைதான் மிக அதிகம். ஐந்தாவது வகையை மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ் நிறையப் பயன்படுத்துகிறது. கையில் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் பத்துப் பக்கத்துக்கு எண்ணிப் பாருங்கள். அடிதடிக் கதையில் நடுவே திடீரென்று ஐந்தாவது வகை வந்தால் அங்கே ஓவியர் மூச்சு விடச் சொல்கிறார் என்று பொருள்.

கட்டம் பெரிதாகவும் சிறிதாகவும் இருப்பது வெறும் அழகுக்கா?

பெரும்பாலும் நேரத்துக்கு. பக்கத்தின் முழு அகலத்துக்கு நீண்ட கட்டம் கண்ணை மெதுவாக நடக்கவைக்கும். குறுகிய மூன்று கட்டங்கள் அடுத்தடுத்து வந்தால் பரபரப்பு. ஓரக்கோடே இல்லாத கட்டத்தில் நேரம் எப்போது முடிகிறது என்று தெரியாது, அதனால் நினைவுக்கும் கனவுக்கும் அதைப் பயன்படுத்துவார்கள். பக்கத்துக்கு மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று ஒன்பது சம கட்டங்கள் வைத்தால் தாளம் மாறாது. தாளம் பழகிய பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் அதை உடைத்தால் அடி பலமாக விழும். ஒவ்வொரு பக்கத்திலும் உடைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு அந்த அடி கிடைப்பதில்லை. புதியவர்கள் செய்யும் முதல் தவறு அதுதான்.

பக்கம் திருப்புவதும் ஒரு கருவி. வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ஒருவர் கதவைத் திறக்கிறார். உள்ளே என்ன என்பது திருப்பினால் வரும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படைப் பக்கத்தில் இருக்கவேண்டும். விளம்பரத்துக்காக நடுவில் ஒரு பக்கம் செருகினால் எல்லா அதிர்ச்சியும் எதிர்ப்பக்கத்துக்கு மாறி, வாசகர் ஓரக்கண்ணால் முன்பே பார்த்துவிடுவார். மறுபதிப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது.

கோட்டை எப்படிப் பார்ப்பது? எல்லாம் கறுப்பு மைதானே?

கோடு ஒரே தடிமனில் ஓடுகிறதா, தடித்து மெலிகிறதா என்பதிலிருந்து தொடங்குங்கள். பெல்ஜியத்தின் ஹெர்ழே வரைந்த டின்டின் கதைகளில் மனிதன், மலை, மோட்டார் கார் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே தடிமன். நிழல் கோடுகள் கிடையாது. எதுவும் எதையும் விழுங்காது, எல்லாம் தெளிவாகத் தெரியும். நம் வாசகர்களுக்கு கேப்டன் டைகராகத் தெரிந்த புளூபெர்ரியை வரைந்த ஃபிரான்ஸின் ழான் ஜிரோ இதற்கு எதிர்ப்பக்கம். தூரிகையால் தடித்த கோடு, அதன்மேல் பேனாவால் நுண்கோடுகள். பாறை சொரசொரப்பாகவே தெரியும், புழுதியை மூக்கு உணரும்.

இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியதே அந்தக் கதையோடுதான். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஆளை வரைவது எப்படி? ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்தக் கையையே கட்டத்தின் நடிகனாக்கினார். கதவுப் பிடியருகே ஒரு கை. அவ்வளவுதான் படம். மீதி உடம்பை, அதன் உயரத்தை, நிற்கும் கோணத்தை எல்லாம் நாமே போட்டுக்கொள்கிறோம். மேலே சொன்ன வெள்ளை இடைவெளி இங்கே கட்டத்துக்கு உள்ளேயே வந்துவிட்டது. சிறுவயதில் இதைப் படித்து மெய்மறந்தவர்கள் இப்போது கையின் விரல்களை மட்டும் பாருங்கள். பயம், அவசரம், எச்சரிக்கை எல்லாம் அந்த ஐந்து விரலில்தான் இருக்கும்.

கறுப்பு வெள்ளை என்றால் மலிவுப் பதிப்பா?

இல்லை. கறுப்பு வெள்ளைக்கென்றே வரைந்ததும், வண்ணத்துக்கு வரைந்து வண்ணத்தை உருவிவிட்டதும் வேறு வேறு. இத்தாலியில் 1948-இல் பிறந்த ‘டெக்ஸ் வில்லர்’ என்ற கௌபாய்க் கதைத்தொடர் முதல் வகை. அங்கே 16×21 சென்டிமீட்டரில் கறுப்பு வெள்ளையாகத்தான் அது பிரபலம். அதில் கறுப்பு கெட்டியான பெருந்திட்டாக விழும், அந்தத் திட்டே ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும். இரண்டாவது வகையில் திட்டுகள் இருக்காது, எல்லாம் சம அளவு வெள்ளையாக, கோலப்பொடி கொட்டிய முற்றம்போல வெளிறித் தெரியும். அப்படி ஒரு பக்கம் சலிப்பூட்டினால் குற்றம் ஓவியருடையதல்ல.

கோயில் சிற்பத் தொடர்களையும் காமிக்ஸ் என்று சொல்லலாமா?

சொல்லவேண்டியதில்லை. ஆனால் கண்ணைப் பழக்க டெல்டாவில் அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒவ்வொன்றும் படத்தில் கதை சொல்லும் வேறு வேறு சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது.

கும்பகோணம் நாகேசுவரன் கோயிலிலும், பசுபதிகோயிலை ஒட்டிய புள்ளமங்கை பிரமபுரீசுவரர் கோயிலிலும் கருவறைச் சுவரின் அடித்தளத்தில் சின்னஞ்சிறு ராமாயணச் சிற்பங்கள் உண்டு. முற்காலச் சோழர் வேலை. குனிந்துதான் பார்க்கவேண்டும். காலை அல்லது மாலைச் சாய்வெயில் நல்லது, உச்சிவெயிலில் புடைப்பு தெரியாது. ஒரு சின்னக் கல்லில் எத்தனை ஆட்களை வைக்கலாம், யாரைப் பெரிதாக்கலாம் என்ற கணக்கு அப்படியே காமிக்ஸ் கட்டத்தின் கணக்கு.

இங்கே ஒரு வேடிக்கை. வலம் வரும்போது கருவறை நம் வலக்கைப் பக்கம் இருக்கும். நின்று சுவரைப் பார்த்துத் திரும்பினால், நாம் நடந்துபோகும் திசை இடக்கைப் பக்கமாகிவிடும். ஆகவே வலச்சுற்றின் வரிசையில் அமைத்த எந்தத் தொடரும் வலமிருந்து இடமாகத்தான் ஓடமுடியும், ஜப்பானிய மாங்கா மாதிரி. பிராகாரத்தின் வெளிச்சுவர் நம் இடக்கைப் பக்கம் என்பதால் அதில் இடமிருந்து வலம். நீங்கள் போகும் கோயிலில் சிற்பி எதைத் தேர்ந்திருக்கிறார் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நின்று பார்ப்பவருக்குச் செதுக்கினாரா நடப்பவருக்குச் செதுக்கினாரா என்பது அதில் தெரியும்.

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் நாயன்மார் கதைகள். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. பெயர்க் குறிப்பும் பொறித்திருக்கிறார்கள், நம் காலத்துக் குறிப்புப் பெட்டிபோல. ஆனால் ஒரு அடியாருக்குப் பெரும்பாலும் ஒரே காட்சி, கதையின் உச்சம் மட்டும். அதற்கு முன்னும் பின்னும் நடந்தது பார்ப்பவருக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் செதுக்கியது. காமிக்ஸுக்கு அந்த வசதி கிடையாது. முன்பின் தெரியாதவரையும் அது கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றறையின் சோழர் ஓவியங்கள் 1931-இல்தான் வெளியே தெரிந்தன. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் இருந்ததை எஸ். கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்த இடத்துக்குப் பொதுமக்களை விடுவதில்லை, படப் பிரதிகளைத்தான் பார்க்கவேண்டும். சுந்தரர் கதை ஒரே சுவரில், கட்டமே இல்லாமல் இருக்கிறது. கிழவர் வேடத்தில் ஓலை காட்டி வழக்காடும் சிவன், வெள்ளை யானைமேல் கயிலைக்குப் போகும் சுந்தரர், குதிரையில் சேரமான் பெருமாள். ஒரே சுவரில் ஒரே ஆள் மறுபடியும் வருகிறார், குழப்பம் வருவதில்லை. எப்படி என்று கவனியுங்கள்: மரம், கட்டடம், கூட்டம் பார்க்கும் திசை ஆகியவையே ஓரக்கோட்டின் வேலையைச் செய்கின்றன. கோண்டு பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்த ‘பீமாயணா’ 2011-இல் வந்தபோது அதிலும் நேர்கோட்டுக் கட்டம் இல்லை. தங்கள் ஊர்ச் சுவரில் போடும் திக்னா என்ற வளைகோலத்தையே பக்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்தினார்கள். கட்டம் இல்லாவிட்டால் காமிக்ஸ் இல்லை என்பவர்களுக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

காமிக்ஸுக்கு மிக நெருக்கமானது எங்கள் கணக்கில் திருவாரூர்தான். தியாகராசர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில், சுமார் 300 ஆண்டுக்கு முன் தீட்டிய முசுகுந்தன் கதை. இந்திரனிடமிருந்து தியாகராசரைத் திருவாரூருக்குக் கொண்டுவந்த, குரங்கு முகம் கொண்ட அரசன் முசுகுந்தன். நீண்ட படவரிசைகள், அவற்றை ஒட்டி ஓடும் பட்டைகளில் தமிழ் எழுத்து. படமும் எழுத்தும் சேர்ந்து ஒரே ஓட்டத்தில் கதை சொல்கின்றன. கூட்டம் எத்தனை பேராக இருந்தாலும் அந்த முகத்தால் அரசனைச் சட்டென்று கண்டுபிடித்துவிடலாம். நாயகனுக்குத் தனி அடையாளம் தரும் வித்தை, டெக்ஸின் மஞ்சள் சட்டைக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும். ஒரு கைக்கண்ணாடியை விதானம் நோக்கிப் பிடித்துக் குனிந்து பார்த்தால் எழுத்து இடவலம் மாறித் தெரியும், எனவே படத்துக்குக் கண்ணாடி, எழுத்துக்குக் கழுத்து என்று மாற்றி மாற்றிப் பாருங்கள்.

வரிசையாக இருப்பதெல்லாம் கதையாகிவிடாது என்பதற்கும் பெரிய கோயிலிலேயே சான்று இருக்கிறது. விமானத்தின் மேல்நிலையில் 108 கரணங்களுக்கு இடம் விட்டு 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். அது ஆடல் நிலைகளின் பட்டியல். ஒன்றிலிருந்து அடுத்தது நடப்பதில்லை. மீதி 27 இடமும் வெறுமையாக இருந்தாலும் நமக்குக் கதை எதுவும் விட்டுப்போகவில்லை.

தமிழில் பலூன்கள் ஏன் பிதுங்கி வழிகின்றன?

மொழிபெயர்ப்பாளரைத் திட்டுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலக் காமிக்ஸ் பெரிய எழுத்துகளில் மட்டும் எழுதுவார்கள். மேலே கீழே எதுவும் நீளாது. எழுத்து உயரம் 3 மில்லிமீட்டர் என்றால் வரிக்கு வரி 4.5 போதும். தமிழில் ‘கி’, ‘கீ’ மேலே சுழியும், ‘ழு’, ‘ஞ்சு’ கீழே இறங்கும். அதே 3 மில்லிமீட்டர் உடலுக்கு வரிக்கு வரி 6 வேண்டும். 18 மில்லிமீட்டர் உயரப் பலூனில் ஆங்கிலம் நாலு வரி, தமிழ் மூன்றே வரி. அதோடு நம் சொற்கள் நீளமானவை. ‘போய்க்கொண்டிருந்தார்களா’ ஒரே சொல், 12 எழுத்து. ஒல்லியான பலூனில் அதற்கு இடமில்லை.

சரியாகச் செய்தால் என்ன செய்வார்கள்? முதலில் வசனத்தைச் சுருக்குவார்கள். ‘போனாங்களா?’ என்றால் போதும். படத்தில் தெரிவதை வசனத்தில் மறுபடி சொல்லமாட்டார்கள். பலூனுக்குப் பதினைந்து சொல் என்பது நல்ல உச்சவரம்பு. சொல்லை உடைத்தே ஆகவேண்டும் என்றால் புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்தில் வராதபடி, காது கேட்கும் இடத்தில் உடைப்பார்கள்: ‘போய்க்கொண்டி- / ருந்தார்களா’. ‘சொன்னா- / ன்’ என்று விட்டால் வாசகர் இடறி விழுவார். நடுவரி நீளமாகவும் மேல்வரி கீழ்வரி குட்டையாகவும் அமைத்தால் எழுத்து முட்டை வடிவப் பலூனில் இயல்பாக உட்காரும். எழுத்துக்கும் பலூன் ஓரத்துக்கும் ஒரு எழுத்தகலம் வெற்றிடம் வேண்டும்.

அழுத்திச் சொல்ல நமக்குப் பெரிய எழுத்து கிடையாது. தடித்த எழுத்தும் அளவும்தான் வழி. கணினி எழுத்துருவைச் சாய்த்தால் தமிழ் விழப்போவதுபோல இருக்கும், தவிருங்கள்.

‘டுமீல்’, ‘பளார்’ எல்லாம் சிறுபிள்ளைத்தனம் இல்லையா?

சத்தச் சொல் படத்தின் ஒரு பகுதி. ‘டுமீல்’ எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கட்டத்தைத் தாண்டுகிறதா, புகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். தமிழுக்கு இதில் கைகொடுப்பது இரட்டைக்கிளவி. ‘சலசல’, ‘மடமட’ ஒலி. ‘வெடவெட’ நடுக்கம், ‘பளபள’ ஒளி. ஒலியே இல்லாததற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. ஜப்பானியர் இப்படிப்பட்ட சொற்களைப் பக்கமெங்கும் வரைகிறார்கள், நாம் இன்னும் துப்பாக்கிச் சத்தத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறோம். இரட்டைக்கிளவி பிரிந்து பொருள் தராது என்பது தொல்காப்பியம் சொன்ன விதி. ஒரு ‘சல’ இந்தக் கட்டத்திலும் இன்னொரு ‘சல’ அடுத்த கட்டத்திலும் போட்டால் ஓடை நின்றுவிடும்.

பழைய சிறிய அளவுப் பதிப்பு நல்லதா, புதிய பெரிய அளவா?

நினைவுக்குப் பழையது, கண்ணுக்குப் பெரியது. 24×32 சென்டிமீட்டருக்கு வரைந்ததை 12×16-இல் அச்சிட்டால் பரப்பு நாலில் ஒன்று. 0.4 மில்லிமீட்டர் கோடு 0.2 ஆகும். நுண்கோடுகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையும் பாதியாகி, மலிவுத்தாளில் மை பரவியதும் அடைந்துபோய்க் கறுப்புத் திட்டாகிவிடும். பழைய பதிப்பில் முகத்தில் அழுக்கு அப்பியதுபோல இருந்தால் காரணம் இதுதான்.

செல்போனில் படிப்பதற்கும் இதே பதில். கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிப் படித்தால் பக்கம் என்ற ஒன்றே காணாமல் போகிறது. மேலே சொன்ன அளவு, தாளம், திருப்பம் எதுவும் மிஞ்சாது.

பிள்ளைகள் காமிக்ஸ் படித்தால் படிப்பு கெடுமா?

கெடாது. ஆனால் அட்டையில் படம் இருப்பதாலேயே குழந்தைப் புத்தகம் என்று எண்ணி வாங்காதீர்கள். புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நானும் ஒரு பக்கம் போட்டுப் பார்க்கலாமா? என்ன வேண்டும்?

வரைந்து பார்த்தவர் படிக்கும் விதமே மாறிவிடும், வரைவு சுமாராக இருந்தாலும். சதுர மீட்டருக்கு 150 கிராமுக்குக் (ஜிஎஸ்எம்) குறையாத ஏ4 தாள், எச்பி பென்சில், 0.1, 0.3, 0.5 அளவுகளில் நீரில் கரையாத மைப் பேனா, 2-ஆம் எண் தூரிகை, இந்தியன் இங்க். சார்ட் பேப்பர் வேண்டாம், மை ஊறிக் கோட்டுக்குப் பூஞ்சை பிடித்ததுபோல ஆகிவிடும்.

சுற்றிலும் 15 மில்லிமீட்டர் ஓரம், கட்டங்களுக்கு நடுவே 5 மில்லிமீட்டர், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்று தொடங்குங்கள். முதலில் தீப்பெட்டி அளவில் பக்கத்தைக் கிறுக்கிப் பாருங்கள், மூன்று தடவையாவது. அடுத்துப் பென்சிலில் பலூனும் எழுத்தும். ஆட்களை அதற்குப் பிறகுதான் வரையவேண்டும். இந்த வரிசையை மாற்றியவர்கள் எல்லாரும் கடைசியில் கதாநாயகனின் தலைமேல் பலூன் வைத்திருக்கிறார்கள். முதலில் பேசுபவர் இடப்பக்கம் அல்லது மேலே. பலூனின் வால் வாயை நோக்கிப் போய்ப் பாதி வழியில் நின்றால் போதும், பல்லைக் குத்தவேண்டாம். ஓரக்கோட்டுக்கு 0.5, ஆட்களுக்கு 0.3, தூரத்துக்கு 0.1. எல்லாவற்றையும் ஒரே பேனாவில் போட்டால் பின்னால் நிற்கும் தென்னை ஆளின் தலையில் முளைத்ததாகத் தெரியும். மை காய ஒரு மணி நேரம் விடுங்கள், ஐப்பசி மழையில் அதற்கு மேல். பிறகு பென்சிலை அழியுங்கள்.

ஜெராக்ஸ் கடையில் 71 சதவீதத்துக்குக் குறைத்தால் ஏ4 பக்கம் ஏ5 ஆகும். 3 மில்லிமீட்டர் எழுத்து 2.1-க்கு இறங்கும், அதற்குக் கீழே போனால் படிக்கமுடியாது. எட்டுப் பக்கப் புத்தகத்துக்கு இரண்டு ஏ4 தாள் போதும். முதல் தாளின் வெளிப்புறம் இடப்பக்கம் 8, வலப்பக்கம் 1. உட்புறம் 2, 7. இரண்டாம் தாளின் வெளிப்புறம் 6, 3. உட்புறம் 4, 5. மடித்து நடுவில் இரண்டு பின். பக்க எண்ணிக்கை எப்போதும் நாலின் மடங்கு. முறையாக வரைதல் கற்கவேண்டும் என்பவர்களுக்குக் கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது.

எதில் தொடங்கலாம்?

கோட்டுத் தெளிவுக்கு ஒரு டின்டின், கறுப்புத் திட்டுக்கு ஒரு டெக்ஸ், நிலக்காட்சிக்குக் கேப்டன் டைகர். பெரியவர்களுக்கான கதை வேண்டும் என்றால் ஈரானில் வளர்ந்த மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’. மிக எளிய கறுப்பு உருவங்கள், ஒரு புருவக் கோட்டில் மொத்த மனநிலை. இத்தனை எளிமையாக வரைவது கடினம் என்பது மேலே சொன்ன ஒரு பக்கத்தைப் போட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் பழைய காமிக்ஸைக் காப்பாற்றுவது எப்படி?

நம் பக்கத்தில் எதிரி மூன்று: ஈரம், வெள்ளிப்பூச்சி, ஸ்டேப்ளர் பின். பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தைத் தின்னும். துரு தொடங்கியிருந்தால் மெல்லிய கத்திமுனையால் பின்னின் காலை நிமிர்த்தி எடுத்துவிட்டு, பழைய துளைகளிலேயே பருத்தி நூலால் தையுங்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டில் பசை மஞ்சளாகிப் படத்தின்மேல் பட்டையாக நிற்கும், எடுத்தால் மையும் கூடவே வரும்.

மலிவுத்தாள் பழுப்பதற்குக் காரணம் மரக்கூழில் தங்கிய லிக்னினும் அமிலமும். வெளிச்சம் அதை வேகப்படுத்தும். எனவே ஈரம் போக வெயிலில் காயப்போடுவது ஒரு நோய்க்கு இன்னொரு நோயை மருந்தாகக் கொடுப்பது. நிழலில், மின்விசிறிக் காற்றில் விரித்துவைத்தால் போதும். ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. நன்றாகக் காய்ந்தபின், தையை அடுத்து வரும் காற்றோட்டமான நாளில் உறையில் போட்டு, வாயை முழுக்க ஒட்டாமல் மடித்து மட்டும் விடுங்கள். மெல்லிய புத்தகங்களைப் படுக்கவையுங்கள், அடுக்கு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டு வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ரசகற்பூர உருண்டையைத் தாளில் படாமல் துணியில் முடிந்து மூலையில் போடலாம். மாதம் ஒரு முறை எடுத்துப் புரட்டுங்கள். வெள்ளிப்பூச்சிக்கு ஆள் நடமாட்டம் பிடிக்காது.